வெர்னன் கேட்டு வாங்கிய அறை

மூன்றாம் மாடியில் அழைப்பு மணி அலறியது. சந்திரகாந்தி சூப் தட்டோடு ஓடினாள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லம். கடைசி அறையில் நூறை நெருங்கும் இரண்டு கிழவர்கள். ஜன்னலோரம் வெர்னன், இரண்டாம் உலகப்போர் முடிவில் நாஜி வதைமுகாம் ஒன்றைத் திறந்துவிட்ட பிரிட்டிஷ் சிப்பாய், இங்கேயே மணமுடித்துத் தங்கியவர். கதவோரம் எர்வின், பேக்கரி வைத்திருந்தவராம்.

மணியை அழுத்தியவர் எர்வின்தான். காலையில் வைத்த தட்டு, நக்கித் துடைத்ததுபோல் பளபளத்தது. அவரோ ஒரு கிழமைக்குள் எலும்பும் தோலுமாகியிருந்தார்.

"பசிக்கிறது," என்று முனகினார்.

பின்னாலேயே வந்த, கூட வேலை செய்யும் பிறேமா அக்கா முறைத்தாள். "மனுசனைப் பட்டினி போடுறாய் எண்டு கீழ கதைக்கினம். வேலை போகப்போகுது உனக்கு. என்ர கண்ணுக்கு முன்னால ஊட்டு, பாப்பம்."

சந்திரகாந்தி கரண்டியை உயர்த்தினாள். அது எர்வினின் உதட்டைத் தொடவில்லை.

அதற்குள் வெறுமையாகிவிட்டது.

மறுபடி அள்ளினாள். காற்றில் உறிஞ்சும் சத்தம். ஈரத்துணியும் சாம்பலும் கலந்த நாற்றம். பலர் முண்டியடித்து ஏறியதுபோல் மெத்தையின் ஓரங்கள் அமுங்கின.

பிறேமா ஓரடி பின்வாங்கினாள். "என்னடி செய்தனீ?"

"போன கிழமை, ஆடி அமாவாசையண்டைக்கு வெர்னன் முகாமில கண்டதைச் சொல்லி அழுதவர், அக்கா. அங்க அடைபட்டிருந்த சனம் வெறும் தட்டை நக்கினபடியே செத்தவையாம். மனம் கேக்கேல்லை. ஜன்னலடியில சோறு படைச்சு, பசியோட போன எல்லாரும் வாங்கோ எண்டு கூப்பிட்டனான்."

"அறைக்குள்ளயோ? விசரி! வெளியில காகத்துக்கெல்லோ வைக்கிறது!"

எர்வின் திடீரென நிமிர்ந்தார். அவர் கை, அங்கே இல்லாத பிரம்பொன்றைத் தேடியது.

"வரிசை!" என்று உறுமினார். "வரிசையில் நில்லுங்கள், நாய்களே!"

பேக்கரிக்காரரின் குரல் அல்ல அது.

மெத்தை இன்னும் அமுங்கியது. எர்வினின் கன்னங்கள் கண்ணெதிரே குழிந்தன.

சந்திரகாந்தி ஜன்னலுக்குப் பாய்ந்தாள். படையல் தட்டை எடுத்து, கும்பிட்டு அவர்களை அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதர் செத்துப்போவார்.

ஒரு குளிர்ந்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வெர்னன். இப்போது அவர் அழவில்லை.

"அனுப்பாதே, காந்தி. அன்று வேலி தாண்டித் தப்பிய இந்தக் காவலனை ஒருநாள் அவர்கள் கையிலேயே தருவேன் என்று செத்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் இந்த அறையைக் கேட்டு வாங்கினேன்."