அக்னெஸுக்கு எடுத்து வைத்த பங்கு

இரவிச்சந்திரன் கோதுமைப் பாண் துண்டின் கரைகளை வெட்டிக் கழற்றித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டி கழுவிக்கொண்டிருந்த குணேஸ்வரி அதைக் கண்டுவிட்டாள். கல்யாணம் முடித்த நாள்முதல் அந்த மனுஷன் பாணைக் கையால் பிய்த்துச் சம்பலில் பிரட்டித்தான் தின்றிருக்கிறார். கரை எது, நடு எது என்று பார்க்கிற ஆளே அல்ல. ட்ரக் ஓட்டுகிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? இன்றைக்கோ சம்பல் கிண்ணத்தைத் தொடவுமில்லை. கத்தியை நுனிவிரலால் பிடித்து, வெண்ணெயை மூலை முடுக்கெல்லாம் நிரவிப் பூசிக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லையாக்கும் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

யன்னலுக்கு வெளியே பின்னேரமே இருண்டுவிட்டிருந்தது. கனடாவில், ரொக்ஸ்பரோவில் தை மாதம் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீடு போய்ச் சேருமுன் தெருவிளக்கு எரிந்துவிடும். பனி கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது அவர் ஆங்கிலத்தில், மிக மெதுவாகக் கேட்டார். “முட்டை இன்னும் டசின் எழுபது சதம்தானா?”

“ஆமாம், விலை கூடித்தான் போய்விட்டது. என்ன செய்வது?” என்று குணேஸ்வரியும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டாள். வாய் தன்பாட்டில் சொன்னது. சொன்ன பிறகுதான் சவர்க்காரத் தண்ணீருக்குள் அவளுடைய கை நின்றது. ஏனென்றால் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் இதே குசினியில் காலைக்குக் காலை நடந்தவை. கேட்டது அக்னெஸ். அக்னெஸ் செத்து, சாம்பல் பெட்டி அமெரிக்காவுக்கும் போய்விட்டது.

அக்னெஸ் ஒகையோவில் பிறந்து வளர்ந்து, வயதான காலத்தில் இந்த வீட்டுக்கு வந்த விதவை. அவளைப் பராமரிக்கத்தான் குணேஸ்வரி இங்கே தங்கினாள். இரவிச்சந்திரனும் லாசால் அபார்ட்மென்ட்டை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். கடைசிக் காலத்தில் அந்த மனுஷிக்கு நினைவு பின்னால் பின்னால் போய், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வந்து நின்றுவிட்டது. அங்கேயே குடியிருந்தாள். பாண் பதினாறு சதம். பெற்றோல் கலன் முப்பது சதம்கூட இல்லை. கொரியாவில் சண்டை ஓய்ந்ததாம், வானொலியில் சொன்னார்களாம். போலியோக் காய்ச்சலுக்குப் பயந்து நீச்சல்குளத்தை மூடிவிட்டார்களாம், பிள்ளைகள் பாவமாம். பொழுதுபட்டால் வெறும் சுவரைப் பார்த்தபடி இருந்து, யாரோ பகிடி விட்டதுபோல விட்டு விட்டுச் சிரிப்பாள். ஒகையோவில் தாங்கள் இருந்த தெருவில் முதன்முதல் தொலைக்காட்சி வாங்கியது தாங்கள்தான் என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை.

பராமரிப்பு வேலைக்குப் படித்தபோது சொல்லித்தந்த முதல் பாடம், மறுத்துப் பேசாதே என்பதுதான். அவர்கள் எந்த வருஷத்தில் இருக்கிறார்களோ அந்த வருஷத்துக்கு நீயும் போ. குணேஸ்வரியும் போனாள். பால்காரன் வந்துவிட்டானா என்று கேட்டால், வந்துவிட்டான் என்பாள். சொல்லிச் சொல்லி, அந்த வெள்ளைக்காரக் கிழவியில் அவளுக்கு உண்மையாகவே பாசம் ஒட்டிப்போயிற்று.

அந்தப் பாசம்தான் வினையாகியது. அக்னெஸ் கண்ணை மூடியபோது ஒரு சனமும் வரவில்லை. ஒகையோவிலிருந்து மருமகன் ஒருவன் தொலைபேசியில் பேசி, வீடு விற்கும்வரை குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கச் சொன்னான். அதோடு அவனுடைய துக்கம் முடிந்தது. குணேஸ்வரிக்கு மனம் ஆறவில்லை. ஒரு வாய் சோறுகூட வைக்க ஆளில்லாமல் ஒரு உயிர் போவதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவள் அக்னெஸுக்கு எட்டுச் செலவு செய்தாள்.

ஊரில் எட்டாம் நாள் செய்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, வீட்டுக்குள்ளே படைத்து, வந்து சாப்பிடு என்று கூப்பிடுவது. பொழுதுபட, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது. கூப்பிட்ட ஆளை வழியனுப்புகிற பங்கு அது. வீட்டார் அதில் வாய் வைக்கக் கூடாது. குணேஸ்வரி, மாட்டிறைச்சி தொடாதவள், கையுறை போட்டுக்கொண்டு அரைத்த இறைச்சியைப் பாண் மாதிரிப் பிடித்து அவணில் வைத்துச் சுட்டாள். உருளைக்கிழங்கை மசித்தாள். தகரத்தில் அடைத்த பட்டாணியைச் சூடாக்கினாள். தலைவாழை இலையில் அதெல்லாம் இருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. எங்கள் முறை இந்த வெள்ளைக்காரிக்குப் பிடிபடுமா என்றும் யோசித்தாள்.

சந்திக்குப் போகவேண்டிய பங்கை ஈயத்தாளில் சுற்றிக் குசினி மேசையில் வைத்தாள். வெளியே பனிப்புயல். கொஞ்சம் ஓயட்டும் என்று கீழே போய் உடுப்பு மடித்தாள். மேலே வந்தபோது இரவிச்சந்திரன் ட்ரக்கை விட்டுவிட்டு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நின்றபடியே ஈயத்தாளை வழித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சாப்பாடப்பா இது? உப்புமில்லை, உறைப்புமில்லை” என்றார். பசியில் ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனுஷன் சிரிப்பார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார். வேறு பங்கு எடுத்து வைத்தால் சரிதானே என்று நினைத்தாள். பிறகு அசதியில் அதையும் செய்யவில்லை.

அன்றைக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றார். ட்ரக்கைக் கிளப்புகிற திறப்பை எடுத்து, இது எதற்கு என்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மேசையில் கைபேசிக்குப் பக்கத்தில் கவனமாக வைத்தார். நடை மாறியது. மாடிப்படியில் ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். அவர் எழும்பிப் போன இடத்தில் டீசல் மணம் இல்லை. லவெண்டர் பவுடர் மணம், மருந்து மணம், நெடுநாள் படுக்கையில் கிடந்த உடம்பின் மணம். அவள் கையாலேயே நாள்தோறும் துடைத்தெடுத்த அந்த மணம்.

பாண் கரை வெட்டிய அன்றைக்கு, சாப்பிட்ட பிறகு அவர் முன்னறைக்குப் போய் இருந்தார். விளக்குப் போடவில்லை. ஹீட்டர் குழாய்கள் டொக் டொக் என்று தட்டின, கூரையிலிருந்து பனிக்கட்டி சரிந்தது, அதற்கு நடுவே முன்னறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. சின்னச் சிரிப்பு. நிறுத்தம். திரும்பவும் சிரிப்பு. குணேஸ்வரி எட்டிப் பார்த்தாள். வெறும் சுவர். அதன் முன்னால் முழங்காலில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தன் புருஷன்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, லாசாலில் இருக்கிற சிநேகிதி சிவமலருக்குக் கைபேசியில் அடித்தாள். சிவமலருக்கு இந்தச் சடங்குகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். குணேஸ்வரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“சந்தியில வைக்கிற பங்கை உன்ரை மனுசனே திண்டது?” என்று சிவமலர் கேட்டாள்.

“ஓமடி.”

“அப்ப நீ கூப்பிட்ட ஆளை இன்னும் அனுப்பேல்லை. அது கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்லிக்கொண்டு வேறை இருக்கிறாய். மரியாதையா, முகத்தைப் பாத்து, நீ செத்துப்போனாய் போ எண்டு சொல்லு. இண்டைக்கே சொல்லு. இல்லாட்டி அந்த மனுசன் உனக்கு மிஞ்சார்.”

குணேஸ்வரி கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைக் கழுவினாள். ஷெல் அடிக்குள்ளாலும் காட்டுக்குள்ளாலும் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்த மனுஷன். கனடா வந்து, தகப்பன் தாய்க்கு மேலாக அவளைப் பார்த்த மனுஷன். அவரை விட்டுக்கொடுப்பதா? எந்தக் கிழவிக்கும் கொடுக்க மாட்டாள்.

அவர் குசினி மேசைக்குத் திரும்பி வந்திருந்தார். இன்னொரு பாண் துண்டு. இன்னொரு முறை கரை வெட்டல். மேலே ஒற்றை விளக்கு. அவள் எதிரே இருந்தாள்.

“பால்காரன் வந்துவிட்டானா, கண்ணே?”

வந்துவிட்டான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“வரவில்லை,” என்றாள் ஆங்கிலத்தில். “பால்காரன் வருவதில்லை. அந்தக் காலம் போய் எழுபது வருஷமாகிறது. அக்னெஸ், நீங்கள் இறந்துவிட்டீர்கள். நான்தான் உங்கள் கண்ணை மூடினேன். தயவுசெய்து போய்விடுங்கள்.”

கத்தி நின்றது. ஹீட்டரும் நின்றது. வெளியே பனியள்ளும் வண்டி எங்கோ தூரத்தில் உறுமி அடங்கியது.

புருஷனின் முகம் நிமிர்ந்தது. கோபமில்லை. கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான்.

“தெரியுமே,” என்றது அது. “நான் போய்த்தான் இருந்தேன். சாப்பிட வா என்று நீதானே கூப்பிட்டாய்?”

“என்ரை மனுசன் எங்கை?” ஆங்கிலம் மறந்துபோயிற்று அவளுக்கு. அக்னெஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியது.

“எங்கள் தெருவில் இருக்கிறார். நான் இங்கே வந்தால் அங்கே ஓர் இடம் வெறிதாகும் அல்லவா? யாராவது நிரப்பத்தானே வேண்டும்? கவலைப்படாதே. அருமையான தெரு.”

குணேஸ்வரியின் கைபேசி அடித்தது.

திரையில் அவருடைய பெயர். அவருடைய படம். அவருடைய கைபேசியோ மேசையில், திறப்புக்குப் பக்கத்தில், இருண்டுபோய்க் கிடந்தது. அவள் காதில் வைத்தாள்.

“குணேஸ்.” அவருடைய குரல்தான். மூச்சு வாங்கியது.

“ஐயோ, எங்கை நிக்கிறியள்?”

“தெரியேல்லையப்பா. ஒரே வெய்யில். பனியைக் காணேல்லை. பெரிய பெரிய பழைய கார். எல்லா வீட்டுக்கும் முன்னாலை புல்லு வெட்டி வடிவா இருக்கு, எல்லா வீட்டுக்குள்ளையும் ஒரே ரேடியோ. வழி கேப்பமெண்டு ஒரு வீட்டிலை தட்டினனான். ஒரு மனுசி யன்னலாலை என்னைப் பாத்திட்டு வீரிட்டுக் குழறினவள், குணேஸ்.”

“பேந்து என்ன நடந்தது?”

“இப்ப எல்லாரும் வெளியிலை வந்து நிக்கினம். எல்லாம் வெள்ளையள், என்ரை நிறத்திலை ஒரு ஆளில்லை. ஒருத்தரும் கதைக்கினமில்லை. என்னையே பாத்துக்கொண்டு நிக்கினம்.”

காதுக்குள் வெயிலின் இரைச்சல். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம். எங்கோ ஒரு வானொலி, யாரோ பகிடி சொல்ல, கூட்டம் சிரித்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டிலும் நிறுத்தினார்கள். அதற்கடுத்த வீட்டிலும்.

“பொம்பிளையள் பிள்ளையளை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகினம்,” என்றார் அவர். குரல் இறங்கிப்போயிருந்தது. “ஆம்பிளையள் படியாலை இறங்கினம்.”

“ஓடுங்கோ!”

“எங்கையப்பா ஓடுறது? ரெண்டு பக்கத்தாலையும் வருகினம்.”

ஒரு நாய் குரைத்தது. கிட்டத்தில். மேசைக்கு எதிரே, அந்தக் குரைப்பைக் கேட்டு, அவள் புருஷனின் முகம் கனிந்து சிரித்தது.

“அது எங்கள் நாய்தான்,” என்றாள் அக்னெஸ். “புது ஆட்களைக் கண்டால் விடாது.”

கைபேசிக்குள் காலடிகள் புல்லைக் கடந்து தார் ரோட்டுக்கு வந்தன. ஒருவர் மட்டும் ஓடினார். மற்றவர்கள் அவசரப்படவேயில்லை. அக்னெஸ் பாணின் கடைசிக் கரையை வெட்டி, மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.