ஐந்து வெள்ளைக் கோடுகள்

முதல் தாளில் ஒரே ஒரு வெள்ளைக் கோடுதான். மனைவி மஜீதாவின் படத்தில், சிரித்த வாய்க்கு மேலே. அதற்குக் கீழே, ‘காணவில்லை. அடையாளம்: வலது சுண்டுவிரல் வளைந்திருக்கும்.’

பதினெட்டு வருடமாகப் பிரிஞ்சாங் மலையூரில் பிரிண்டர் பழுதுபார்க்கும் சலாஹுதீனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உள்ளே வரிசையாக ஆயிரக்கணக்கான பொடி விளக்குகள். ஒளி பட்ட இடத்தில்தான் மை ஒட்டும். ஒன்று எரியாவிட்டால் அதற்கு நேராக வெள்ளைக் கோடு விழும். விளக்குகளை எரியவைக்கும் சர்க்யூட்டை மாற்றினால் தீர்ந்தது.

மாற்றினான். இரண்டு கோடுகள். மறுபடி மாற்றினான். மூன்று. அதுவும் நேராக இல்லை, நெளிந்து நெளிந்து விழுந்தன. செத்த விளக்கு ஒருநாளும் அப்படிக் கோடு போடாது.

“சனியனே, இன்னைக்குத்தானா?” என்று மூடியை அறைந்தான்.

வாசலில் மஜீதாவின் தம்பி கைருல் நின்றான். “மச்சான், மண்ணு தோண்டுற மெஷின ஏத்த லோரி காத்துக்கிட்டு இருக்கு லா. பெர்த்தாம்ல தோண்டுறத நிறுத்தவா?”

நேற்றுக் காய்கறி எடுக்கக் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குப் போனவள் திரும்பவில்லை. அங்கே மேடு சரிந்திருந்தது. ஆனால் அவளை மலைமேல் கியா பார்மில் பார்த்ததாக யாரோ சொன்னதும் சலாஹுதீன் அதையே பிடித்துக்கொண்டான்.

“அவ மண்ணுக்குள்ள இல்லடா! மெஷின மேல கொண்டு போகச் சொல்லு!”

லோரி போனது. மதியமே பனி இறங்கி எதிர்க்கடையை மறைத்தது. சூடான மையின் வாடை வரவேண்டிய பிரிண்டரிலிருந்து ஈர மண் வாடை வந்தது, உருளை சுற்றும் சத்தமும் ஏதோ பிறாண்டுவதுபோல் கேட்டது. நான்கு கோடுகள். ஐந்து. ஆத்திரம் தாங்காமல் விளக்குகளுக்குப் போகும் கேபிளையே பிடுங்கினான். இனி வெள்ளைத் தாள்தான் வர முடியும்.

கறக். கறக்.

தாள் கறுப்பாக வந்தது. முழுக் கறுப்பு. அதில் ஐந்து கீறல்கள். ஓரத்தில் இருந்தது மட்டும் வளைந்து விலகியிருந்தது.

யா அல்லாஹ்.

போனை எடுத்து அழுத்தினான். “கைருல்! பெர்த்தாம்ல தோண்டு! உயிரோட இருக்காடா!”

“மச்சான், மெஷின் எல்லாம் கியா பார்ம் வந்துருச்சே. நீங்கதானே சொன்னீங்க?”

கறக். மூன்று கீறல்கள், மங்கலாக.

கறக். ஒன்று. வளைந்தது மட்டும்.

கேபிள் அவன் கையில் தொங்கியது. அடுத்த தாள் வந்தது. ஈரமாக, சில்லென்று, ஒரு கீறலும் இல்லாத கறுப்பு.