தளர்வெண் ஏழு

காலையில் நான் முதலில் பேசுவது ஒரு கதவோடு. காப்புடை அறையின் கதவு அது. கேள்வி கேட்கும், பதில் சொல்ல வேண்டும்.

"கழற்றும்போது முதலில் எது?"

"கையுறை."

"முகமூடி?"

"கடைசியில். வெளியே வந்த பிறகு."

"நடுவில்?"

"ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை கழுவணும், தாயே."

பிழையில்லாமல் சொன்னால் அலமாரி ஓர் உடையைத் தள்ளும். உளறினால் அன்றைக்கு உடையும் இல்லை, வார்டும் இல்லை. எல்லாம் தெரிந்தும் பயத்தில் நாக்குக் குழறி வெளியே நிற்கிற நர்ஸுகள் நிறையப் பேர். நான் இதுவரை தப்பித்து வருகிறேன்.

நுரைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்ததில் காப்புடை பொன்னாகிவிட்டது. ஓர் உடை, ஒரு நோயாளி, ஒரு முறை, அப்புறம் எரியுலை. அதனால் யாருக்கு உடையைச் செலவழிக்கலாம் என்று பார்க்க ஓர் எண்ணைக் கொண்டுவந்தார்கள். முதியவர்களின் உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் தளர்வெண். அதை எடுப்பதுதான் என் வேலை. என் தோளில் உட்கார்ந்திருக்கும் அளவி என்ற கருவி கேட்டு, பார்த்து, தானே கணக்குப் போடும்.

இன்று வந்தவர் ராக்கியப்பன். ஈரோட்டுப் பக்கம், வயது எண்பதைத் தொடுகிறது, விசைத்தறி ஓட்டியவர். மகன் செல்வக்குமரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கியோடு நின்றான். பெரியவருக்குக் காய்ச்சல் கொதித்தது. இருந்தும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். கைவலுவை அளக்கும் பிடிமானியைக் கொடுத்தால் அது முனகும்படி அழுத்தினார்.

"அடேங்கப்பா! கையா இது, இடுக்கியா?" என்றேன்.

"தறி புடிச்ச கைங்க அம்மணி," என்று சிரித்தார்.

அளவி நான்கு என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. ஆறு வரைக்கும் கிழக்கு வார்டு. அங்கே மூச்சுக்கருவி உண்டு, காப்புடை போட்ட ஆட்கள் உண்டு. ஏழு என்றால் மேற்குக் கூடம். அங்கே சாப்பாடு தண்டவாளத்தில் போகும், மருந்தும் அதிலேயே போகும். ஆள் போவதில்லை.

இது குடும்பத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பொய் சொல்வார்களாம். நான் ஜாடை காட்டினாலும் அளவி கண்டுபிடித்து மதிப்பீட்டை ரத்து செய்யும். ரத்தானால் நேரே மேற்குதான். என் வாயைக் கட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது வீட்டுக் கேள்விகள். காய்ச்சலுக்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

"அப்பா தானே குளிப்பாரா?" என்று மகனைக் கேட்டேன்.

"அதெப்படிங்க உடுவோம்?" செல்வக்குமரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான்தானுங்க குளிக்க வெக்கறது. வெந்நி வெளாவறதுல இருந்து தலை தொடைக்கற வரைக்கும்."

ஐந்து.

அவசரமாக அடுத்ததற்குத் தாவினேன். "சட்டை வேட்டி?"

"என்ற சம்சாரம் எடுத்து வெப்பா, நான் கட்டி உடுவனுங்க. சோறுகூட ஊட்டித்தான் உடறது. எங்கப்பனை ஒரு வேலை செய்ய உட்டதில்லீங்க. ஊர்ல வேணா கேட்டுப் பாருங்க!"

ஆறு. ஐயோ பாவி மனுஷா, வாயை மூடேன்! பெரியவர்களைக் கண்ணில் வைத்துத் தாங்குகிறோம் என்று நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. ஒரு வார்த்தை சொல்லிவிட நாக்கு துடித்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதைப் பெரியவரிடம் கேட்க விதி இடம் கொடுத்தது.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குள்ள யார் துணையும் இல்லாம நடப்பீங்களா?"

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மகன் தலையை நிமிர்த்தி நின்றான்.

"இல்லீங்க," என்றார். "பையன் கையைப் புடிச்சுக்கிட்டாத்தான் நடை."

ஏழு. அளவி கணக்கை மூடிவிட்டது.

செல்வக்குமரன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் எல்லாம் கரெக்டாச் சொன்னனுங்களா?"

"சொன்னீங்க," என்றேன்.

"உள்ள ஆளுக வந்து வந்து பாப்பாங்கல்லோ? அப்பனுக்குத் தனியா இருந்து பழக்கமில்லீங்க."

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பெரியவரைத் தள்ளுநாற்காலியில் வைத்து மேற்குத் தாழ்வாரத்தில் தள்ளிப் போனேன். மகன் கண்ணுக்கு மறைந்ததும் அவர் பின்னால் திரும்பிக் குசுகுசுத்தார்.

"அவஞ் சொன்னதுல முக்காவாசி புளுகுங்க அம்மணி. நானேதான் குளிப்பேன். தெனமும் டீக்கடைக்கும் நடந்துதான் போவேன். அவன் மொகம் வாடிடுமேன்னு நானும் ஒத்து ஊதிட்டேன். ஒண்ணும் தப்பில்லியே?"

நான் நின்றுவிட்டேன். "அளவி, மறு மதிப்பீடு," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"உறவினர் கேட்டால் மட்டும்," என்றது அது. "காரணத்தை உறவினருக்குச் சொல்லக் கூடாது."

"தப்பில்லீங்கய்யா," என்றேன். முகமூடிக்குள்ளிருந்து அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

மேற்குக் கூடத்தின் வாசலில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி நானும் போகக் கூடாது, நாற்காலியும் போகக் கூடாது. கதவு திறந்தது. உள்ளே கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன, யாரோ இருமுவது கேட்டது.

"இந்த ரூமுங்களா?" என்று கேட்டார் ராக்கியப்பன்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், தானே நடந்து உள்ளே போனார்.