கறை படியாத படிவம்

"இந்தக் கையெழுத்தை எங்க வீட்டுக்காரர் போடலைங்க" என்று சேதுலட்சுமி சொன்னபோது ஷெரினுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலிருந்த அந்த நிதி நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது ஷெரினின் வேலை. 'முழுமையான, ஏற்கத்தக்க ஆவணம்' என்றால் என்னவென்று சொல்லவே டெபாசிட் ஒப்பந்தத்தில் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கேட்ட இணைப்புகள் எல்லாம் இருந்தால் அது முழுமையானது. கறை, கிழிசல், அடித்தல் திருத்தல் இல்லாவிட்டால் ஏற்கத்தக்கது. இரண்டும் பொருந்தினால் பணம் நகரும். பொருந்தாவிட்டால் கடவுளே வரிசையில் நின்றாலும் நகராது.

சேதுலட்சுமியின் கணவர் லக்ஷ்மணன் திருமயத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அரிமளத்தில் அவர் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நிற்கிறது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும். டெபாசிட் கைக்கு வந்தால்தான் அந்தச் சுவருக்குக் கூரை.

அதற்குள் லக்ஷ்மணனின் அண்ணன் உடையப்பன் ஒரு படிவத்தோடு வந்துவிட்டார். டெபாசிட்டை அண்ணனுக்கே தர வேண்டும் என்று லக்ஷ்மணன் எழுதிக் கொடுத்ததாம். சாவுக்கு முந்தைய வாரத் தேதி. சாட்சியாக உடையப்பன் கடையில் வேலை பார்க்கும் அழகு என்பவனின் கையெழுத்து. ஷெரின் பார்த்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. சேதுலட்சுமி கொண்டுவந்த டெபாசிட் ரசீதைத்தான் 'கறை உள்ளது' என்று எழுதித் திருப்பியிருந்தாள்.

விஷயம் நிறுவனத்தின் விசாரணை அதிகாரி குணசேகரனிடம் போயிற்று. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். எல்லாக் காகிதங்களையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகுது சார்" என்றாள் ஷெரின். "ஒப்பந்தப்படி எல்லாமே சரியா இருக்கு."

"கூடப் பிறந்தவர் கையெழுத்தைச் சின்ன வயசிலேருந்து பார்த்தவருக்கு அதைப் போடறது பெரிய காரியமில்லம்மா." அவர் ரசீதைத் தூக்கிக் காட்டினார். நான்கு மூலையிலும் மங்கிய மஞ்சள். "இதைத்தானே கறைன்னு எழுதியிருக்கீங்க?"

சேதுலட்சுமி பதறினாள். "அது மஞ்சங்க! எந்தக் காகிதத்தை வாங்கி வச்சாலும், கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும், சாமி படத்துக்கு முன்னாடி வச்சு மூலையில மஞ்சத் தொட்டு வைப்பாக. எங்க மாமனார் காலத்துப் பழக்கம்."

"நீங்க இப்ப குடுத்த விண்ணப்பத்துல மஞ்சள் இல்லையே?"

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "சாவுக் காகிதத்துக்கு யாராச்சும் மஞ்ச வைப்பாகளா சார்?"

குணசேகரன் மெல்லத் தலையாட்டினார். லக்ஷ்மணனின் பழைய கோப்பையும், உடையப்பன் சொந்தமாக வைத்திருந்த டெபாசிட்டின் கோப்பையும் எடுத்துவரச் சொன்னார். மறுநாள் காலை எல்லாரையும் கிளைக்கு அழைத்தார்.

உடையப்பன் வெள்ளை வேட்டியில் விறைப்பாக வந்து உட்கார்ந்தார். அழகு நாற்காலி வேண்டாமென்று கதவோரம் நின்றுகொண்டான்.

"இந்தப் படிவத்தை உங்க தம்பி எங்க வச்சு எழுதினார்?"

"எங்கிட்டும் போகலைங்க. அவன் கடையிலதான். சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து, கும்பிட்டுட்டுப் போட்டான். இந்தா, அழகு பக்கத்துலயே நின்னான்."

"அவசரமா போட்டாரா?"

"என்ன அவசரம்? நிதானமாத்தான் போட்டான்."

குணசேகரன் கோப்புகளைத் திறந்தார். தம்பியின் விண்ணப்பம், புதுப்பித்தல் கடிதம். அண்ணனின் விண்ணப்பம், முகவரி மாற்றம். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள். அவற்றின் நடுவே அந்தப் படிவத்தை வைத்தார். அது பளிச்சென்று இருந்தது.

"முகவரி மாத்துறதுக்கே மஞ்சள் வச்ச வீடு உங்களது. தன் சம்பாத்தியத்தையே எழுதிக் குடுக்கற காகிதத்துக்கு, அதுவும் சாமி முன்னாடி நிதானமா உக்காந்து எழுதினதுக்கு, ஏன் வைக்கலை?"

"மறந்திருப்பான்."

"அவர் மறந்திருக்கலாம். நீங்களும் மறப்பீங்களா? கையில வாங்கினவர் நீங்கதானே. இது எழுதின அன்னிக்கு மஞ்சளைத் தொட முடியாத நிலைமை உங்க வீட்டுல இருந்திருக்கு. தம்பி போய்ச் சேர்ந்து, பங்காளிகளுக்கெல்லாம் தீட்டு இருந்த நாள். தேதியை மாத்தி எழுதிட்டீங்க. கையெழுத்தையும் போட்டுட்டீங்க. தீட்டுல மஞ்சளைத் தொட மட்டும் உங்களுக்கு மனசு வரலை."

கதவோரம் நின்ற அழகுதான் முதலில் பேசினான். "காரியத்துக்கு முந்தின நாள் எழுதுனதுங்க. மொதலாளி சொன்னாக, போட்டேன். அன்னையிலேருந்து அந்தப் பிள்ளைக மொகத்தைப் பாக்க முடியலைங்க." சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்து அழுதான்.

"அவன் கடை வைக்க மொதல் போட்டவன் நான்" என்றார் உடையப்பன் தரையைப் பார்த்தபடி. "நான் கேக்காம யாரு கேக்குறது?"

நிஜமான காகிதத்தை அழுக்கு என்று தள்ளியவள் ஷெரின். பொய்யான காகிதத்தைச் சுத்தமாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டவளும் அவள்தான். எழுந்துபோய் சேதுலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

குணசேகரன் படிவத்தைத் தனியே எடுத்து வைத்தார். "டெபாசிட் உங்களுக்குத்தாம்மா. தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதறேன். போலீசுக்குப் போறதும் போகாததும் உங்க விருப்பம்."

சேதுலட்சுமி எழுந்து உடையப்பன் எதிரே போய் நின்றாள்.

"தீட்டு நாள்ல மஞ்சத் தொட்டா பாவம்னு பயந்திருக்கீகளே, பெரியத்தான். அன்னைக்கு ராத்திரி மழையில ஒங்க தம்பி பிள்ளைக ரெண்டும் தகரத்துக்கு அடியில நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதுக்கு ஒங்களுக்குப் பயமே வரலையா?"