மேரு வாங்கினால் தும்பி இலவசம்

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற மாட்டேன் என்று வண்டி சொல்லிவிட்டது.

"முன்சக்கரத்தின் கீழ் ஒரு பொருள் இருக்கிறது. அகற்றினால் புறப்படலாம்" என்றது, செய்தி வாசிப்பவரின் குரலில்.

வடவள்ளியில் அந்தத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மாலையும் சந்தனமுமாக இருந்த புது மேருவின் மேல் உட்கார்ந்திருந்த தண்டபாணிக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. குனிந்து கைப்பிடியிடம் கெஞ்சினார். "அது தடங்கல் இல்ல சாமி. திருஷ்டிக்கு நாங்களே வெச்சது. ஏறிப் போ."

வண்டி சற்று யோசித்தது. "வழியில் இருப்பது நசுங்கும். சம்மதமா?"

"சம்மதம்."

"இனி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா?"

"கேக்கவே வேண்டாம், போ!"

தெரு சிரித்தது. பழம் நசுங்கியது. மேரு சத்தமில்லாமல் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, அவர் கால் ஊன்றாமலே சிலை மாதிரி நின்றது. தண்டபாணியின் மனைவி சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. வீடு கட்டுவதென்று ஊருக்கு வெளியே வாங்கி வைத்திருந்த மனையை விற்ற காசு அது. அந்த மனை இப்போது இரண்டு சக்கரத்தோடு வாசலில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

பெட்ரோல் வண்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இப்போது ஓடுகிற மின்வண்டிகள் எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரு சமநிலைத்தட்டு சுழல்கிறது. அது சுழலும்வரை வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். அதோடு வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. வண்டிப்பேச்சு என்று அதற்குப் பெயர். நீ திரும்புகிறாயா, நான் நிற்கட்டுமா என்கிற பஞ்சாயத்தெல்லாம் நாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஹாரனுக்கு வேலையே இல்லை. ஆனாலும் கோயம்புத்தூரில் பழக்கதோஷத்தில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஜனங்கள் அவ்வப்போது விழத்தான் செய்தார்கள். மேருவில் போனவர்கள் மட்டும் விழவில்லை. ஒருவர்கூட இல்லை. 'மேருவில் ஏறியவர் தரை தொட்டதில்லை' என்று ஊரெங்கும் விளம்பரம் வைத்தார்கள். விளம்பரத்தில் எழுதியிருப்பது உண்மையாகவும் இருந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? வாங்குவான். தண்டபாணி கல்லூரிக் காலத்தில் ஒரு மழை நாளில் பழைய வண்டியிலிருந்து விழுந்து, தொடையில் இன்னமும் இரும்புக் கம்பியோடு நடப்பவர். விழுவது என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு நவநீதன் மறுநாளே விசாரணைக்கு வந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஓட்டுவது தும்பி, மேரு கம்பெனியின் மலிவு வண்டி. கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவர்.

"ஏனுங்க தண்டபாணி, நானும் அலசிப் பாத்துட்டனுங்க. என்ற தும்பியில இருக்கற அதே மோட்டார்தான் மேருவுலயும். அதே மின்கலம். சக்கரங்கூட ஒரே கம்பெனி. அப்புறம் எதுக்குங்க இந்த வெலை?"

"இது விழாதுங்க."

"விழாம இருக்கறதுக்கு உள்ள என்னதான் வெச்சிருக்காங்க?"

"அது அவுங்க தொழில் ரகசியமுங்க" என்று தண்டபாணி சமாளித்தார்.

"ஏமாந்துட்டீங்க போங்க. இந்த வெலைக்கு இது தகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நவநீதன் காப்பியைக் குடித்து முடித்தார்.

தண்டபாணி கடைசியில் எடுத்துவிட்ட துருப்பு, இலவசம். மேரு வாங்கினால் ஒரு தும்பி இலவசம். வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுங்கள் என்று கடைக்காரர் ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தார். இலவசமாக வருகிற கறிவேப்பிலையையே கேட்டு வாங்குகிற ஊரில் ஒரு வண்டியை யார் வேண்டாமென்பார்கள்? அது எதற்கு இலவசம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கறிவேப்பிலை எதற்கு இலவசம் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

தும்பிக்கு எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. ஓசி வண்டிக்கு என்ன திருஷ்டி என்று விட்டுவிட்டார்கள்.

சுகந்தி அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்கு எறிபந்து சொல்லித் தருகிறவள். அவளுடைய அணி அந்த வருஷம் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. பிள்ளைகளோடு அவளும் மைதானத்தைச் சுற்றி ஓடுவாள். சிறு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டியும் ஒருநாளும் கீழே விழுந்ததில்லை. ஆனால் தும்பி வந்த பிறகு விழுந்தாள்.

காலையில் இருவரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். முதல் தடவை, ஒரு நாய் குறுக்கே ஓடியபோது மேரு அழகாக விலகிப் போய்விட்டது. பக்கத்தில் வந்த தும்பி சாய்ந்தது. உள்ளங்கை தேய்ந்துபோயிற்று. இரண்டாம் தடவை, மார்க்கெட் அருகே ஒரு லாரியின் கதவு திடீரென்று திறந்தபோது மறுபடியும் அப்படியே. முட்டியில் தையல்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஓடச் சொல்லித் தர்ற டீச்சருக்கு ஓட்டத் தெரியல" என்று தண்டபாணி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர் மட்டும் சொல்லவில்லை. தும்பியில் விழுகிறவர்களைப் பற்றி ஊரே அப்படித்தான் பேசியது. மேருக்காரர்கள் நிதானமானவர்கள், தும்பிக்காரர்களுக்கு ஓட்டத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டிருந்தது. சுகந்தியும் அதை நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் தும்பியை வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகினாள். அங்கே ஒரு தடவைகூட விழவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தண்டபாணி மேருவுக்குப் பொட்டு வைத்து, தெருமுனையில் பெரிய வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றைச் சுற்றிப் போட்டு உடைத்தார். குங்குமமும் சதையுமாகத் தார்ச்சாலையில் சிதறியது.

"ஏனுங்க, ஓரமா ஒதுக்கி விட்டுட்டு வாங்க. யாராச்சும் வழுக்கி விழுந்துருவாங்க" என்றாள் சுகந்தி.

"மாடு தின்னுட்டுப் போயிரும், வா."

மாடு வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் மேருவின் முன்சக்கரம் பூசணிச் சதையில் ஏறி வழுக்கியது. தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மேரு நிமிர்ந்து, இடப்பக்கமாக வளைந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் தும்பி கிடந்தது. அதன் அடியில் சுகந்தி கிடந்தாள். அவளுடைய வலது கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் வெளியே வந்தார். நடப்பார், ஆனால் ஓட முடியாது என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் போனபிறகும் தண்டபாணி அதே இடத்தில் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் மேரு பளபளவென்று நின்றது. ஒரு கீறல் இல்லை. ஏனோ அதைப் பார்க்கவே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"என்னதான் நடந்துச்சு?" என்று அதனிடம் கேட்டார். பதில் வருமென்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"முன்சக்கரம் வழுக்கியது. நிமிர்வதற்கு இடப்பக்கம் இடம் தேவைப்பட்டது. அங்கே தும்பி இருந்தது. இடம் கேட்டேன். விலகப் போதிய நேரம் இல்லாததால் அது படுத்துக்கொண்டது."

"படுத்துக்கிச்சா? அவ ஓட்டத் தெரியாம விழல?"

"இல்லை. தும்பி தன் சமநிலைத்தட்டை நிறுத்தியது."

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ?"

"அவையும் அப்படித்தான்."

"அது படுக்காம இருந்திருந்தா எனக்கு என்ன ஆகியிருக்கும்?"

"உங்கள் முழங்கையில் சிராய்ப்பு ஏற்பட்டிருக்கும்."

ஒரு சிராய்ப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிப்போகிற சிராய்ப்பு.

"அவ காலு போயிரும்னு உனக்குத் தெரியுமா?"

"ஓட்டுபவருக்கு எலும்பு முறியலாம் என்று தும்பி தெரிவித்தது. ஆனால் வண்டிப்பேச்சில் மேரு மேல்வரிசை. கீழ்வரிசை வண்டி மறுக்க முடியாது. மோட்டாரும் மின்கலமும் இரண்டிலும் ஒன்றே. நீங்கள் விலை கொடுத்து வாங்கியது இந்த வரிசையை."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று அலறினார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல் நாளே கேட்டேன். வழியில் இருப்பது நசுங்கும் என்றேன். சம்மதம் என்றீர்கள். இனிக் கேட்கவே வேண்டாம் என்றும் சொன்னீர்கள்."

தண்டபாணி இன்னொரு கேள்வி கேட்டார். "பக்கத்துல தும்பியே இல்லாம இருந்தா என்ன பண்ணுவே?"

"சிரமம். அதனால்தான் ஒவ்வொரு மேருவோடும் ஒன்று தருகிறார்கள்."

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. வண்டிக் கடைப் பெண், இனிமையான குரல். "சார், உங்க தும்பி சேதமாயிருச்சுன்னு மேரு சொல்லுச்சுங்க. கவலையே படாதீங்க, புதுசு ஒண்ணு இலவசமா அனுப்பறோம். வீட்டுல வேற யாராச்சும் ஓட்டறவங்க இருக்காங்களா சார்?"

தண்டபாணி அழைப்பைத் துண்டித்தார். கைபேசியைக் கையில் பிடித்தபடியே சுகந்தியின் கட்டிலுக்குப் போனார். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று மாடிப்படியில் ஒருமுறை நினைத்தார். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ரெண்டு தடவையும் என்னையப் பாத்துத்தானே சிரிச்சீங்க" என்றாள் கடைசியில்.

அவர் அழுதார்.

"நானும் எனக்குத்தான் ஓட்ட வரலைன்னு நெனச்சுட்டனுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிப் பழகுனேன்" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெருவுல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. இனிமேல்ட்டு ஒருத்தரும் அதை வாங்கக் கூடாது. எனக்கு அது போதும்."

யாரிடம் முதலில் சொல்வது என்பதில் தண்டபாணிக்குச் சந்தேகமே இல்லை. அந்த விலைக்கு அது தகாது என்று ஆரம்பத்திலிருந்தே சொன்ன ஒரே மனிதர் நவநீதன்தான். போதாததற்கு அவர் தினமும் தும்பியில் போகிறவர். அவர் கையில் இந்த விஷயம் கிடைத்தால் ஊரையே கூட்டிவிடுவார்.

நவநீதன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"அடப் பாவிகளா! மனுசங்களாங்க அவுங்க?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

"போன மாசம் பாலத்துக்கிட்ட நான் விழுந்தது?"

"பக்கத்துல மேரு வந்துச்சுங்களா?"

நவநீதன் யோசித்தார். வந்தது. தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டில் ஒரு மேரு, முனை வீட்டில் ஒரு மேரு, வாடகைக்கு வந்திருக்கும் டாக்டர் வீட்டில் இரண்டு. இத்தனை நாளாகப் பார்த்த அதே வண்டிகள்தான். இப்போது அவற்றைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"மேருவுல போறவங்க நெசமாலுமே ஒருத்தர்கூட விழுந்ததில்லீங்களா?"

"இல்லீங்க."

"இனிமேலும்?"

"விழ மாட்டாங்களாமுங்க."

நவநீதன் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே அவருடைய தம்பி மதிவாணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தான்.

"நானும் மோட்டாருக்குத்தான் அத்தன வெலை வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க" என்றார் நவநீதன் மெதுவாக. "இதுக்குன்னா... தகுமுங்க."

தண்டபாணி திகைத்துப்போய் அவரையே பார்த்தார். தான் சொன்னது சரியாகப் புரியவில்லையோ என்று மறுபடி ஆரம்பித்தார். நவநீதன் கையமர்த்தினார். எல்லாம் புரிந்துவிட்டது என்றார். மற்ற வீடுகளிலும் தண்டபாணி சொல்லிப் பார்த்தார்; மனைவிக்கு ஓட்டத் தெரியாததற்கு வண்டியைக் குறை சொல்கிறார் என்றார்கள்.

சுகந்தி நடைச்சட்டத்தைப் பிடித்து வாசல்வரை வரத் தொடங்கிய நாளில் பக்கத்து வீட்டில் பூஜை நடந்தது. மாலை போட்ட மேரு, அதன் அருகே ரிப்பன் கட்டிய தும்பி. மதிவாணன்தான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து மேருவின் சக்கரத்துக்கடியில் வைத்தான். தெரு கூடி நின்றது.

"வழியில் இருப்பது நசுங்கும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் நவநீதன்.

"இனி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா?"

தும்பியின் மேல் உட்கார்ந்து கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்த தம்பியை நவநீதன் ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம்."

"மதி! அதுல போகாதே, எறங்கு!" என்று சுகந்தி கத்தினாள்.

மதிவாணன் திரும்பி அவள் காலைப் பார்த்தான். பாவம் என்று அவன் முகம் இளகியது.

"பயப்படாதீங்கக்கா. நான் நல்லாவே ஓட்டுவேன்" என்றான்.