அசையாம இரு கண்ணு

கேமராவின் மேல்கண்ணாடியில் ஏரிக்கரை தெரிந்தது. கரைமேல் மூன்று பனைமரம் தெரிந்தது. மூன்றாவது மரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு, ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. பரசுராமன் தலையைத் தூக்கி நேராகப் பார்த்தான். மரங்கள்தான் இருந்தன. குனிந்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தது.

சே, தூக்கக் கலக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஷட்டரைத் திறந்து, எட்டு எண்ணி மூடினான்.

எழுபத்து நாலாம் வருஷத்துத் தை மாதம் அது. கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு பனி. ஏரியின் பாசி வாசனையும், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளின் கரிப்புகையும் பனிக்குள் சிக்கி ஒரே நாற்றமாகி மூக்கில் ஈரமாக அப்பும். தூரத்தில் போகிற ரயில் காதுக்குள்ளேயே கூவும், காலடியில் கத்துகிற தவளையோ அடுத்த ஊரில் கத்துவது போலிருக்கும். எதிரே வருகிறவனின் பீடி நெருப்பு தெரிந்த பிறகுதான் ஆள் தெரிவான். ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும் இந்த வேளைக்காகத்தான் பரசுராமன் வருஷம் முழுக்கக் காத்துக் கிடப்பான். பகலெல்லாம் பஜார் ஸ்டூடியோவில் கல்யாண ஜோடிகளை எடுத்துக் களைத்தவனுக்கு, விடியற்காலைப் பனி ஒன்றுதான் தன் ஆசைக்கு எடுக்கிற படம். பைத்தியம், புகையைப் போட்டோ பிடிக்கிறது என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே!

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பனியில் வெளிச்சம் போதாது. ஷட்டரை எட்டு எண்ணும்வரை திறந்தே வைக்க வேண்டும். அந்த எட்டுக்குள் சைக்கிளில் போகிறவனும் மாடு ஓட்டிப் போகிறவளும் படத்தில் விழாமலே கரைந்துபோவார்கள். அசையாதது மட்டும்தான் விழும். மரம், கல், கரை. அதனால் அவன் எடுத்த பனிப் படங்களில் ஒரு மனுஷ முகம்கூட இருக்காது.

ஆனால் இந்த ரோலில் முதல் நாலு படம் வேறு. நேற்று எடுத்தது. தொழிற்பேட்டையில் மதில் கட்டுகிற வேலைக்கு வந்திருந்த சின்னராசுவின் மகள், சாராள், ஏழு வயசு, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோகூட எடுக்கலையே என்று தாய் தலையில் அடித்துக்கொண்டு அழ, பரசுராமனைக் கூப்பிட ஆள் வந்தது. செத்தவர்களை நாற்காலியில் உட்கார்த்தி வைத்து எடுப்பது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் பிள்ளையை எடுத்ததில்லை. வெள்ளைக் கவுன் போட்டு, தலைவாரி, மார்புக்குக் குறுக்கே துண்டால் நாற்காலியோடு கட்டி, கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள். கேமராவின் மேல் குனிந்தவன், ஸ்டூடியோ வழக்கத்தில் வாய் தவறி, எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைச் சொல்லிவிட்டான்.

"அசையாம இரு கண்ணு. என்னையே பாத்துக்கினு இரு."

அவ்வளவுதான், தாய் போட்ட ஓலத்தில் குடிசையே அதிர்ந்தது. பரசுராமனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மளமளவென்று நாலு படம் எடுத்தான், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

மிச்சம் எட்டுப் படம். ஃபிலிம் ரோல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். பாதி ரோலை வீணாக்க எந்தப் போட்டோக்காரனுக்கும் மனசு வராது. அந்த எட்டைத்தான் இன்று பனிக்குக் கொண்டுவந்திருந்தான்.

மதகுக்கு வந்து ஸ்டாண்டை நிறுத்திக் குனிந்தான். தண்ணீர். மதகுக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம், அது. இப்போது கொஞ்சம் வெளுப்பாக, தலை இருப்பது போல. நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பூஞ்சை இடம் மாறுமா என்று உடனே மனசு கேட்டது. மனசை அதட்டிவிட்டு நடந்தான். புது மதிலோரம் மூன்று படம் எடுத்தான், ரயில் பாதை ஓரம் இரண்டு. அந்தக் கடைசி இரண்டுக்கும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கேமராவைத் திருப்பி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எட்டு எண்ணினான்.

பால் கேன்கள் கடகடக்க, பால்காரக் கலியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தான்.

"இன்னாண்ணா, பொண்ணையும் இட்டுக்கினு வந்துட்டியா? பனியில பாவம்ண்ணா."

"எந்தப் பொண்ணு?"

"உம் பின்னாலயே வருதே." கலியன் எட்டிப் பார்த்தான். "இப்பத்தான இருந்துது. கூப்ட்டேன், வாயே தொறக்கல. உன்னையே பாத்துக்கினு நின்னுச்சு."

பரசுராமன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். குப்பாயி! சொல்லாமல் பின்னாலேயே வந்துவிட்டாளா?

அவனுக்கும் செண்பகத்துக்கும் முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகும் முன்னாலேயே போய்விட்டன. மூன்றாவதைப் பிறந்த அன்றே குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமனே வேண்டாமென்று விட்டுப்போகட்டும் என்று குப்பாயி எனப் பேர் வைத்தார்கள். அவளும் தங்கிவிட்டாள், ஏழு வருஷமாக. அவளைக் கேமரா முன்னால் மட்டும் நிறுத்தவே கூடாது, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது செண்பகம் போட்ட கட்டளை. ஊருக்கெல்லாம் போட்டோ எடுக்கிறவன் வீட்டில் பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடையாது. அந்த ஒரு உயிரைத்தான் இருவரும் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"குப்பாயி!" என்று கத்தினான். பனி ஒரு எதிரொலிகூடத் தரவில்லை. ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னால் காலடி கேட்கிறதா என்று பார்த்தான். கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் குப்பாயி அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு கேழ்வரகுக் களியைத் தின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி மார்போடு அணைத்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"விடு நைனா, நசுக்கற!" கையைக் காலை உதறினாள். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். "அம்மா குழாயாண்ட போய்க்குது. என்னை ஒரே ஒரு போட்டோ எடு நைனா. எல்லாப் புள்ளைங்களையும் எடுக்கற, என்னை மட்டும் எடுக்கல நீ."

ஒரு படம் மிச்சம் இருந்தது. பிள்ளை பத்திரமாக இருக்கிற சந்தோஷத்தில் அவன் எதற்கும் சரி என்று சொல்லியிருப்பான். முற்றத்தில் நிறுத்தினான். அங்கும் பனி. குப்பாயி நொண்டியாட்டம் ஆடுகிறவளாக ஒற்றைக் காலை மடித்துக்கொண்டு சிரித்தாள். பயந்து பயந்து கண்ணாடியைப் பார்த்தான். குப்பாயி மட்டும்தான் தெரிந்தாள். அப்பாடா!

"அசையாம இரு கண்ணு."

படத்தை எடுத்ததும் சந்துமுனையில் செண்பகம் யாருடனோ நின்று பேசுகிற குரல் கேட்டது. குற்றவாளி மாதிரி கேமராவை அள்ளிக்கொண்டு டார்க் ரூமுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டான்.

ரோலைக் கழுவிப் பார்த்தால் கண்ணாடியில் கண்டது பனியா பூஞ்சையா என்று தெரிந்துவிடும். சன்னலெல்லாம் கறுப்புத் துணி அடித்த அறை. தன் கை தனக்குத் தெரியாத இருட்டு. மருந்துத் தட்டில் ஃபிலிமை இப்படியும் அப்படியுமாக இழுத்தான். மருந்தின் காரம் தொண்டையில் ஏறியது. வெளியே முற்றத்தில் குப்பாயி நொண்டியடிக்கிற சத்தம், தொம், தொம், தொம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் ஒன்றுமில்லை என்று இருந்தான்.

படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போவில் முக்கினான். சத்தம் நின்றது.

விளக்கைப் போட்டு, சொட்டச் சொட்ட ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தான். முதல் நாலில் அழுகையில் குலுங்கிய அப்பாவும் அம்மாவும் கலங்கியிருந்தார்கள். நடுவில் சாராள் மட்டும் துல்லியம்.

ஐந்தாவது. ஏரிக்கரை. பனைமரத்தடியில் சாராள்.

ஆறாவது. மதகு. சாராள்.

ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றிலும் கிட்டத்தில். பத்து, பதினொன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை. பனியே இல்லை. முகம்தான். எட்டு எண்ணுகிற வரைக்கும் அசையாத முகம். நெகடிவ்வில் கறுத்துப்போய், கண் மட்டும் வெளுத்து, அவனையே பார்க்கிற முகம்.

பன்னிரண்டாவதில் குப்பாயி. ஒற்றைக் காலில், சிரிப்பில் கலங்கி. பக்கத்தில் ஒட்டி நின்றவள் கலங்கவில்லை. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. குப்பாயியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா." கதவுக்கு வெளியே. உதடு அசையாமல் பேசுகிற குரல்.

"இன்னா கண்ணு?"

"இவ அசையவே மாட்டேன்றா நைனா. நானும் அசையல. யாரு அசையறாங்களோ அவுங்க அவுட்டு."

"யாருடி? யாரு அங்க?"

"நீதான் அசையாதன்னு சொன்னியாமே."

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. படம் எடுத்து முடித்ததும் எந்தப் பிள்ளையிடமும் 'ஆச்சு, ஓடு' என்பான். அப்போதுதான் அது மூச்சுவிட்டு எழுந்து ஓடும். நேற்று சொல்லவில்லை. ஐயோ, சொல்லவில்லையே!

"ஆச்சு!" என்று கத்தினான். "ஆச்சு கண்ணு! ஓடு!"

ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னக் கால்கள். முற்றத்தைத் தாண்டி, சந்தைத் தாண்டி, ஏரிப் பக்கமாக. சத்தம் தேய்ந்து போயிற்று. போய்விட்டாள். பரசுராமன் கதவில் சாய்ந்து அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தான்.

குப்பாயி முற்றத்தில் நின்றிருந்தாள். ஒற்றைக் காலில். சிரித்த வாய் சிரித்தபடி. கண், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தபடி.

"ஆச்சு கண்ணு."

ஆடவில்லை. அசையவில்லை.

"ஆச்சுடி. நீதாண்டி ஜெயிச்ச. ஆச்சு."

கிட்டே போக அவனுக்குக் கால் வரவில்லை. அதற்குள் செண்பகம் தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டாள்.

"இன்னாடி கூத்து இது, பனியில ஒத்தக் கால்ல நின்னுக்கினு? நீயும் பாத்துக்கினு நிக்கறியே, புள்ளைக்கு சளி புடிக்காதா?"

குடத்தை இறக்கி வைத்தாள். வைதுகொண்டே மகளை வாரித் தூக்கித் தோளில் சாத்தினாள். தூக்கின பிறகும் குப்பாயி, மடித்த கால் மடித்தபடியே, அதே ஒற்றைக் காலில், காற்றில், நின்றுகொண்டிருந்தாள்.