வாபஸ் வாங்காத பிராது

“ஏம்மா… அந்தத் தாளை இப்பிடிக் குடு!”

அம்புஜவல்லி நிமிர்ந்தாள். முதலில் தெரிந்தது கண்கள்தான். மழை சொட்டும் புருவத்துக்குக் கீழே, கோபத்தில் சிவந்த இரண்டு கண்கள்… கோபத்திலும் அழகாக இருந்து தொலைத்தன.

“எதுக்குக் குடுக்கணும்?”

“எங்கம்மா எழுதச் சொன்னது அது.”

“அப்ப அவங்க கேக்கட்டும். நீங்க யாரு?”

“நானா? அந்தப் பிராதுல இருக்கற ஆளே நான்தான்!”

அது எழுபதாம் வருஷத்து ஐப்பசி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியவர்கள் அத்தனை பேரும் இவர்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் கோயிலில் சாமிக்குப் பிராது கொடுப்பது வழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது மாதிரியேதான். பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதி, சுருட்டி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். காரியம் முடிந்ததும் கட்டியவரே திரும்ப வந்து ‘ராஜினாமா’ எழுதி வைத்து, பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காதவரை அது சாமியிடம் அப்படியே நிற்கும். எழுதத் தெரியாதவர்கள், படித்த முகமாகப் பார்த்துக் கேட்பார்கள். பத்தாவது வரை படித்த அம்புஜத்துக்கு முத்து முத்தான கையெழுத்து. கோயிலுக்கு வந்தால் சாமி கும்பிடுவதற்கு முன்னால் இரண்டு பேருக்காவது எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்குக் கேட்டவள் முத்தாயி. “எம்மவன் மாயவன் பட்டாளத்துக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான் பாப்பா. அவனப் போவ வுடாத சாமின்னு எழுது. எனக்கு இருக்கறது ஒரே புள்ள…”

பாதி எழுதுவதற்குள் அந்த ஒரே புள்ள மழையில் ஓடி வந்துவிட்டான். தாளைப் பறித்தான். நாலாகக் கிழித்தான்.

“சாமி படிக்கறதுக்கு முந்தியே கிழிச்சாச்சு. இப்ப என்னா பண்ணுவீங்க?”

“எழுதும்போதே படிச்சிருக்கும். உங்கள மாதிரி தாளப் புடுங்கித்தான் படிக்கணுமா சாமி?”

யாரோ சிரித்தார்கள். அடுத்த நொடி அவனும் சிரித்துவிட்டான். சிரித்தால் அந்தக் கண்கள் இன்னும் மோசம்… அம்புஜம் அவசரமாகப் பேனாவை மூடினாள்.

முத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “இனிமே நான் எதுவும் கேக்க மாட்டண்டா. நீயாச்சு, உன் பட்டாளமாச்சு” என்று மழையிலேயே இறங்கி நடந்தாள். அவன் துண்டை எடுத்து அம்மாவின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினான்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. திங்கட்கிழமை, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், அம்புஜம் வழக்கம்போல் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். சூளைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் பொம்மை அடுக்கிய பலகையை எடுக்க வந்து நின்றான்.

“பிராது எழுதறவங்க…”

“பிராது கிழிக்கறவங்க…”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அவன்தான் பலகை எடுக்க வந்தான். ஒரு பலகைக்கு இருபது பொம்மை. இருபதையும் சூளைக்குள் அடுக்க வேண்டும். ஒருநாள் புகார் சொன்னான்.

“ஏங்க, நீங்க வரைஞ்ச கண்ணு எல்லாம் என்னைய மொறைச்சே பாக்குது. சூளைக்குள்ள தனியா நின்னு அடுக்க முடியல.”

“தப்பு பண்ணவங்கள அதுங்க அப்பிடித்தான் பாக்கும்.”

“ஒண்ணே ஒண்ணு சிரிக்கற மாதிரி போடக்கூடாதா?”

மறுநாள் பலகையில் இருபதாவது பொம்மை சிரித்தது. மேஸ்திரி கண்ணில் பட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும். அவன் அதைச் சூளையின் நடுவில், தீ சீராகப் படும் இடமாகப் பார்த்து வைத்தான். இதை அவனே சொன்னான்.

‘ஐயோ… இது எதில் போய் முடியப்போகிறது?’ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் சும்மா வந்ததில்லை. அவள் வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தது. வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயரும் ஒரு பட்டாள நம்பரும் அதில் எழுதியிருக்கும். அக்கா ராணியின் புருஷனுடையது. அறுபத்தைந்து சண்டையில் போனவர். இப்போது அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அக்கா அதைத் திறப்பாள். உழக்கில் அளப்பாள். மூடுவதற்கு முன்னால் அந்தப் பெயரின் மேல் படிந்த தூசியை விரலால் துடைப்பாள். அவளுக்கு வயது இருபத்தைந்து.

“மொத்தம் பதினெட்டு நாளுடி நான் அவரோட இருந்தது” என்று ஒருமுறை ராணி சொன்னாள். “அதுல மூணு நாள் அவருக்குக் காய்ச்சல்.”

பட்டாளத்துக்காரன் வாசனையே வேண்டாம் என்று அம்புஜம் அன்றைக்கு முடிவு செய்திருந்தாள்.

“எதுக்குங்க உங்களுக்குப் பட்டாளம்?” ஒருநாள் கேட்டேவிட்டாள். “சூளையில சோறு கெடைக்கலையா?”

மாயவன் கையில் ஒட்டிய வெள்ளை மண்ணைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

“சோறு கெடைக்குதுங்க. எங்க ஊர்ல எங்கப்பாவுக்கு அம்பது வயசு. பெரிய வூட்டுச் சின்னப் பையன்கூட ‘டேய்’னுதான் கூப்புடுவான். எங்க தெருவுலேருந்து ஒருத்தர் மிலிட்டரி போயிட்டு லீவுல வந்தாரு. அவர மட்டும் பேரு சொல்லிக் கூப்புட்டாங்க. நானும் கலியமூர்த்தியும் அன்னைக்கே பேசி வச்சோம். ஒண்ணாப் போறதுன்னு.”

கலியமூர்த்தி அவனுடைய சேக்காளி. பக்கத்து வீடு. கார்த்திகைக் கடைசியில் கடலூரில் ஆள் எடுக்கிறார்கள், இருவரும் போகிறார்கள் என்றான்.

அவன் கேட்பது நியாயம் என்று அம்புஜத்துக்குப் புரிந்தது. நியாயம் புரிந்தால் மனசு கேட்டுவிடுமா என்ன? அன்றைக்கு இரவெல்லாம் அந்த டிரங்குப் பெட்டி கண்ணிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். முதல்முறையாகத் தனக்காக ஒரு தாளை எடுத்தாள்.

‘மாயவன் பட்டாளத்துக்குப் போகக்கூடாது. இப்படிக்கு, அம்புஜவல்லி.’

முத்து முத்தான கையெழுத்து அன்றைக்குக் கோணலாக விழுந்தது. சுருட்டி, வேலில் கட்டிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் ஓடி வந்துவிட்டாள்.

கடலூருக்குப் போனவர்கள் மறுநாள் திரும்பினார்கள். கலியமூர்த்தியை எடுத்துக்கொண்டார்கள். மாயவனை எடுக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தபோது மார்பளவு அரை இஞ்சு பற்றவில்லையாம். பட்டறை முழுக்க அதே பேச்சு. “என்னாப்பா, அரை இஞ்சு!” என்று அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்குக் கிடைத்த பேர் அது.

அம்புஜத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம். அதற்கடுத்த நிமிஷம், ‘அடிப்பாவி, இது உன் வேலை’ என்று உள்ளே ஒரு குரல்.

ஒரு வாரம் கழித்து அவன் பலகை எடுக்க வந்தவன், எடுக்காமல் நின்றான். வெளியே தகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

“அம்புஜம்… இனிமே நான் பட்டாளத்துக்குப் போவப் போறதில்ல. எங்கம்மாவ உங்க வூட்டுக்கு அனுப்பட்டுமா?”

இந்த வார்த்தைக்காகத்தானே ஏங்கினாள்? கண் நிறைந்துவிட்டது. ஆனால் இவன் ஆசையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, இவனுக்கே மாலை போடுவதா? பிராது விஷயத்தைச் சொன்னால் வெறுத்துவிடுவான். சொல்லாமல் எப்படிக் காலம் முழுக்க அந்தக் கண்களைப் பார்ப்பது?

“வேணாங்க…” என்றாள், தலை நிமிராமல்.

அவன் பலகையைத் தூக்கினான்.

“அரை இஞ்சு கொறைஞ்ச ஆளு வேணாம்… இல்ல? சரிங்க.”

“ஐயோ, அது இல்ல…” என்று அவள் நிமிர்வதற்குள் பலகையோடு போய்விட்டான். கூப்பிட்டு விளக்கம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. திரும்பி வந்து கேட்க அவனுக்கு ரோஷம் விடவில்லை. மறுநாளிலிருந்து பலகை எடுக்க வேறு ஆள் வந்தான்.

ஒரு வருஷம்… ஒரே கூரைக்குக் கீழே, முப்பது அடி தூரத்தில், பேசாமல் ஒரு வருஷம். அவள் வரைந்த கண்கள் எதுவும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவனும் குரல் இல்லாத ஆளாகிவிட்டான். யாராவது ‘அரை இஞ்சு’ என்று கூப்பிட்டால் கோபப்படுவதுகூட இல்லை, திரும்பிப் பார்ப்பான். அதைப் பார்த்துத்தான் அம்புஜத்துக்கு நெஞ்சு வெடித்தது. ராஜினாமா எழுதி வைத்துவிடலாம் என்று நாலு தடவை கோயில்வரை போனாள். பிராதை எடுத்தால் அவன் மறுபடி கடலூருக்குக் கிளம்பிவிடுவானே… நாலு தடவையும் சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை வந்தது. பதினாலே நாளில் முடிந்தது. ஊரெல்லாம் வெடி போட்டு மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் கலியமூர்த்தி வீட்டுக்குத் தந்தி வந்தது.

மாயவன் பத்து நாள் பட்டறைக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்து மேஸ்திரியிடம் கணக்கு முடிக்கச் சொன்னான். “தை பொறந்ததும் மறுபடி ஆளு எடுக்கறாங்களாம். போறேன்” என்றான்.

அம்புஜம் கையிலிருந்த தூரிகையைப் போட்டுவிட்டுச் சூளைக்கு ஓடினாள். தீ இல்லாத நாள். குளிர்ந்த சூளையின் வாசலில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீங்க என்னைய அடிச்சாலும் சரி.” ஒரே மூச்சில் சொன்னாள். “போன வருஷம் உங்களுக்குப் பட்டாளம் அமையாமப் போனதுக்கு நான்தான் காரணம். நீங்க போவக்கூடாதுன்னு கொளஞ்சியப்பர்கிட்ட நான் பிராது கட்டுனேன். எம்பேருல. இன்னும் வாபஸ் வாங்கல. பொண்ணு கேட்டு வரட்டுமான்னு நீங்க கேட்டப்ப… உங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டு எப்பிடிங்க சரின்னு சொல்லுவேன்?”

அவன் அவளையே பார்த்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு, நேருக்கு நேர், அதே கண்கள். அவற்றில் கோபம் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

“நீ காரணம் இல்ல அம்புஜம்.”

“நான்தாங்க…”

“மாரு அளக்கும்போது மூச்ச இழுத்துப் புடிக்கணும். எனக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. டேப்பு வச்சாங்க… ‘இழு’ன்னாங்க… அந்த நேரம் பாத்து உன் மொகம் வந்து நின்னுச்சு. நான் மூச்ச வுட்டுட்டேன்.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வேணும்னுதான் வுட்டேன். எனக்குப் பின்னால நின்னவன் கலியமூர்த்தி. ‘என்னாடா பண்ணுன?’ன்னு கேட்டான். அவனுக்குத் தெரியும். அவன் மட்டும் போனான்.”

அம்புஜம் அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். அரை இஞ்சு, அரை இஞ்சு என்று ஊர் சிரித்ததே… அந்த அரை இஞ்சு தனக்காகக் கொடுத்ததா? அதை வாங்கிக்கொண்டு ‘வேணாங்க’ என்றாளே, பாவி!

“கலியமூர்த்தி அம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு, ‘நீயாச்சும் தப்பிச்சியே’ன்னு சொல்றாங்க அம்புஜம். அந்த வார்த்தையக் கேட்டுட்டு எப்பிடி இந்த ஊர்ல இருக்கறது?”

“நீங்க போனா அவரு திரும்பி வந்துடுவாராங்க?”

“வர மாட்டான்.” எழுந்து நின்றான். “எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். ‘போ’ன்னுட்டாங்க. நீ ஒரு வார்த்த சொல்லு. இருங்கன்னு சொன்னா இருந்துடறேன். சத்தியமா இருப்பேன்.”

இருப்பான். சொன்னால் இருப்பான். அது அவளுக்குத் தெரியும். இதே சூளையில் பலகை தூக்கிக்கொண்டு, இதே மாதிரி மெலிந்துகொண்டு, யாராவது சிரித்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு… அவள் பக்கத்திலேயே, உயிரோடு இருப்பான். ‘இருங்க’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அக்காவின் பெட்டி ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த இந்த முகமும் முன்னால் இருந்தது.

எவ்வளவு நேரம் அழுதாளோ. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்குக் காலையில கோயிலுக்கு வாங்க” என்றாள்.

வந்தான். மார்கழிக் குளிரில் மண்டபத்தில் கூட்டம் அதிகம் இல்லை. அம்புஜம் முன்னமே வந்து எழுதி முடித்திருந்தாள். கோணல் இல்லை, முத்து முத்தான எழுத்து. தாளை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“நீயே படி. உன் வாயால கேக்கணும்.”

முனியப்பரைப் பார்த்துக்கொண்டு படித்தாள். அவனைப் பார்த்திருந்தால் படித்திருக்க முடியாது.

“மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமிக்கு, அம்புஜவல்லி எழுதிக் கொடுக்கும் ராஜினாமா. மாயவன் என்பவர் பட்டாளத்துக்குப் போகக்கூடாது என்று போன வருஷம் பிராது கட்டியது நான். கட்டியதற்குக் காரணம், அவர்மேல் நான் வைத்த ஆசை…”

அவன் ஓரடி நெருங்கி வந்தான். அவள் தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தாள்.

“ஆசை அப்படியேதான் இருக்கிறது சாமி. பிராதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.”